கையைப் பிடிக்க ஓர் ஆள்

ஃபியக்ராவை எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிடித்துத் தொலைத்ததுதான் வினையே. டப்ளின்காரன். பள்ளிக்கூடத்தில் படித்த ஐரிஷ் மொழியை வைத்துக்கொண்டு கோடைதோறும், வீட்டிலேயே அதைப் பேசுகிற எங்கள் கானமாராக் கடற்கரைப் பக்கம் வந்துவிடுவான். வரும்போது கேக் வாங்கி வருவான், எங்கள் வீட்டு நாயோடு கடற்கரையில் ஓடுவான், மதுக்கடையில் பெரியவர்கள் பேசுவதைக் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருப்பான். இவ்வளவு நல்லவனோடு ஒரு மனுஷி எப்படிச் சண்டை போடுவது?

அவன் இசையமைப்பாளன், நான் வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா வாசிக்கிறவள். எங்கள் குழுவில் மொத்தம் நான்கு பேர். இரண்டு வயலின், என் வயோலா, ரோஷினின் செல்லோ. எங்களுக்காக அவன் புதிதாக எழுதியதற்குப் பெயர் ‘கிளீனாவின் அலை’. எங்கள் பழங்கதையில் கிளீனா மறு உலகத்துப் பெண். காதலனை நம்பி இந்தப் பக்கம் ஓடிவந்தாள். அவன் அவளைக் கரையில் விட்டுவிட்டு வேட்டைக்குப் போய்விட்டான். அவள் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தான், அவள் அப்படியே தூங்கிப்போனாள், அலை வந்து அடித்துக்கொண்டு போயிற்று. ஊர் முழுக்க அந்தக் காதலனைத் திட்டும். எனக்கு வாசித்தவன்மேல்தான் ஆத்திரம் வரும். அலை வருவது அவன் கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

“நடுவுல ஒரு பாட்டு வேணும், டெர்விலா. நான் எழுதினது இல்ல, உங்க ஊர்ப் பழைய பாட்டு. புருஷனைக் கடல் கொண்டுபோன பொண்ணு பாடறது. அதை உங்க ஊர்க் குரல்தான் பாடணும்” என்றான் ஃபியக்ரா.

யாருடைய குரலைச் சொல்கிறான் என்பது எனக்குப் புரிந்தது.

என் அக்கா ஊனா, கரரோ ஊர்ப் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறாள். அவள் பாட ஆரம்பித்தால் மதுக்கடையில் கோப்பை வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. ஆனால் அவள் தனியாகப் பாடியதே இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் தனியாகப் பாடுவதில்லை. பாடுகிறவர் கண்ணை மூடியதும் பக்கத்தில் இருக்கிற ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்து, பழைய டிராக்டரைக் கைப்பிடி சுற்றிக் கிளப்புகிற மாதிரி, ஆனால் மெதுவாக, பாட்டின் போக்கிலேயே சுற்றிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் ‘அப்படிப் போடு’, ‘நல்லா இரு தாயி’ என்று நடுநடுவே குரல் கொடுப்பார்கள். ஊனாவின் கையை அவள் கணவன் பார்ட்லிதான் பிடிப்பான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் சிங்கி இறால் கூடுகளை எடுக்கப் போனவனைக் கடல் பிணமாகத்தான் திருப்பித் தந்தது. அன்றோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். தேவாலயப் பூசையில் பாடுவதில்லை. பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பதுகூட நின்றுபோயிற்று.

அவள் மறுபடி பாடவேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் ஃபியக்ராவின் கேக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

“அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாடின வாய் இது. இப்ப யாரு பிடிப்பா? நீயா?” என்றாள் அக்கா.

“நான் வாசிச்சிட்டிருப்பேன். ஆனா உன் பக்கத்துலதான் இருப்பேன். முழங்கை இடிக்கிற தூரம்.”

“இடிச்சா திட்டுவேன்.”

“பாடிட்டுத் திட்டு.”

அவள் கேக்கை ஒரு துண்டு வெட்டி, தின்னாமல் தட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள். அன்று காரில் திரும்பி வரும்போது நான் அழுதேன். அந்த அழுகைக்குப் பின்னால் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தக் கேக்கை நாய்க்குப் போட்டிருப்பேன்.

முதல் ஒத்திகை கால்வே நகரில், ஒரு பழைய தேவாலயத்தில். கச்சேரியும் அங்கேதான். முழங்கை தூரமெல்லாம் காற்றில் போயிற்று. ஃபியக்ரா அக்காவை எங்களைவிட்டுத் தள்ளி, மேடை விளிம்பில், ஒற்றை விளக்கின் கீழே நிற்கவைத்தான். முன்னால் ஒரு மைக். அவள் கண்ணை மூடி முதல் அடியை எடுத்தாள். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன் அந்தக் குரலை. தொண்டை கொஞ்சம் கரகரத்தது, பிறகு தன் வழியைப் பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் அவள் வலது கை பக்கவாட்டில் நீண்டது. செல்லோவுக்கு அங்கே வேலை இல்லாததால் ரோஷின் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

ஃபியக்ரா கைதட்டி நிறுத்தினான். “மன்னிச்சுக்குங்க. கையை யாரும் பிடிக்க வேண்டாம்.”

“ஏன் தம்பி?” என்றாள் அக்கா.

“கிளீனா தனியா இருக்கணும். அதுதான் இதோட மையமே. கரையில தன்னந்தனியாக் கிடக்கிற பொண்ணு.”

“அவ தூங்கிட்டில்ல இருந்தா. நான் முழிச்சிருந்து பாடணுமே.”

ரோஷின் சிரித்துவிட்டாள். ஃபியக்ராவும் சிரித்தான், ஆனால் விடவில்லை. “இன்னொண்ணு, ரேடியோவுக்குப் பதிவு பண்றாங்க. காலடி, துணி உரசறது, பேச்சு, எதுவும் விழக்கூடாது.”

“மூச்சு விடலாமா?”

“தாராளமா விடுங்க. மூச்சுச் சத்தம் ரொம்ப அழகா இருக்கும்” என்றான், கிண்டல் என்றே தெரியாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஃபியக்ரா, அந்தக் கை இல்லாம இந்தப் பாட்டு கிடையாது. பாட்டை எடுத்துக்கிட்டுக் கையை வெட்டிப் போடறே நீ. எங்க ஊர்ல ஒரு குழந்தைகூட இப்படி நிக்கவெச்சுப் பாடச் சொல்லாது.”

“டெர்விலா, இது உங்க ஊர் மதுக்கடை இல்லம்மா. கச்சேரி” என்றான், ரொம்ப மென்மையாக. அந்த மென்மைக்கே அவனை அறையலாம் போலிருந்தது. கத்தினால் திருப்பிக் கத்தலாம். தலையைத் தடவிக்கொடுக்கிறவனை என்ன செய்வது?

“விடுடி. தனியா நிக்கிறது எனக்கென்ன புதுசா?” என்றாள் அக்கா.

நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கச்சேரியன்று முன்வரிசைகளில் ஒயின் கோப்பையோடு பேசிப் பழகிய ஜனம். பின்வரிசைகளில் எங்கள் ஆட்கள், பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களோடு மக்டாராவும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மக்டாரா பார்ட்லியின் தம்பி, மீன் பண்ணையில் வேலை செய்கிறவன். பார்ட்லியைப் புதைத்த அடுத்த வாரமே அக்கா அவன் படகை எங்கிருந்தோ வந்த ஓர் ஆளுக்கு விற்றுவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் அது கண்ணில் படுகிறது, தாங்கவில்லை என்றாள். மக்டாராவுக்கு அது அண்ணனை இரண்டாவது தடவை புதைத்த மாதிரி. அன்றிலிருந்து அக்காவோடு பேச்சில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான். இவன் எதற்கு வந்தான், வம்பு பண்ணவா என்று வாசிக்க உட்காரும்வரை எனக்குப் பதைப்பாகவே இருந்தது.

அலை மாதிரி வாசித்தோம். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக அடங்க, என் வயோலாவின் கீழ்த்தந்தி மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்கா அதன்மேல் பாடினாள். முதல் கண்ணி நன்றாகவே போயிற்று. இரண்டாவது முடியும்போது பின்னாலிருந்து யாரோ, “அப்படிப் போடு ஊனா” என்றார்கள். உடனே வாசலில் நின்ற பணிப்பெண், “ஷ்ஷ்” என்று சீறினாள். என் ரத்தம் கொதித்தது. எங்கள் பாட்டு, எங்கள் ஊர்க்காரி பாடுகிறாள், எங்கள் ஆட்களுக்கு வாய்ப்பூட்டு.

மூன்றாவது கண்ணியில், புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பாட்டுப் பெண் கடலோடு பேரம் பேசுகிறாள். ‘ஆளைத் தராவிட்டால் போகட்டும், அவன் சட்டையையாவது கரையில் போடு.’ அக்கா ‘ஆளைத் தராவிட்டால்’ என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

வலது கை தானாக உயர்ந்தது. பக்கத்தில் இருந்த காற்றைத் தடவியது, ஒன்றும் அகப்படவில்லை, மறுபடி தடவியது. ஃபியக்ரா முன்வரிசையில் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு லேசாகப் புன்னகைத்தபடி இருந்தான். அழகான இடைவெளி என்று நினைத்திருப்பான். எனக்கு அது என்ன என்று தெரியும். எழுந்து போகவேண்டும். ஆனால் அந்தச் சுரம் என்னுடையது, நான் நிறுத்தினால் எல்லாம் விழும் என்று வில்லை இழுத்துக்கொண்டே இருந்தேன். என்னை நினைத்து எனக்கே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மக்டாரா.

“சார், உட்காருங்க. பதிவு நடக்குது” என்றாள் பணிப்பெண்.

“தள்ளும்மா” என்றான் அவன். கல் தரையில் அவன் பூட்ஸ் சத்தம் ஒவ்வொன்றும் ரேடியோவில் விழுந்திருக்கும். மேடையில் ஏறினான். தடவிக்கொண்டிருந்த கையை எட்டிப் பிடித்தான். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே கை, மீன் கூடு இழுத்துத் தடித்த கை. அவள் முகம் கோணிப்போயிற்று.

“நான் இருக்கேன் அண்ணி. பாடு” என்றான். சுற்ற ஆரம்பித்தான்.

அவள் பாடினாள். சட்டையைக் கேட்டாள், பொத்தானைக் கேட்டாள், அந்தப் பாட்டில் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாள். அவளுக்கு வேண்டிய இடத்தில் நின்றாள், வேண்டிய இடத்தில் கிளம்பினாள். நாங்கள் நான்கு பேரும் காகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் தோளைப் பார்த்து வாசித்தோம். முடிந்தபோது பின்வரிசை ‘நல்லா இரு தாயி’ என்று கத்தியது. முன்வரிசைக்குக் கைதட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தட்டினார்கள்.

நான் வெளியே வந்தபோது அக்காவும் மக்டாராவும் மதில் ஓரமாக நின்று ஒரே பொட்டலத்திலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். வினிகர் நிறைய ஊற்றியிருந்தது, இருவர் கண்ணிலும் நீர்.

ஃபியக்ரா என்னைத் தேடி ஓடிவந்தான். பதிவு கெட்டுப்போயிற்று என்று குதிக்கப்போகிறான், நானும் நாலு கேட்டுவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். “இதுதான் டெர்விலா. இதைத்தான் நான் இத்தனை நாளாத் தேடிட்டிருந்தேன்” என்றான். மனசு இளகித்தான் போயிற்று. பரவாயில்லை, இவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அடுத்த கச்சேரி டப்ளினில். காலை ஒத்திகைக்குப் போனால் ஒவ்வொருவர் முன்னாலும் புது அச்சுக் காகிதம். மூன்றாவது கண்ணிக்கு மேலே எழுதியிருக்கிறான்: ‘பாடகி நிறுத்துகிறாள். நீண்ட மௌனம். பார்வையாளரிடமிருந்து ஓர் ஆண் எழுந்து வந்து அவள் கையைப் பிடிக்கிறான்.’ மேடையின் ஓரத்தில் ஒரு வாலிபன் நின்றிருந்தான். தடித்த கம்பளி ஸ்வெட்டர், விலைச்சீட்டு கிழித்த தடம்கூடப் போகாத ரப்பர் பூட்ஸ்.

“இவர் லோர்கன். நாடக நடிகர். முதல்ல மக்டாராவைத்தான் போன்ல கேட்டேன்” என்றான் ஃபியக்ரா. மக்டாரா சொன்ன பதிலை அச்சில் போட முடியாது, பிறகு அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“அக்காவுக்குத் தெரியுமா இது?”

“அவங்க காகிதத்துல போடலை. முன்னாடியே தெரிஞ்சா இயல்பா வராது.”

“அவ நிறுத்துவான்னு எழுதியிருக்கியே. நிறுத்தலைன்னா?”

“நிறுத்துவாங்க” என்றான் ஃபியக்ரா. “அந்த இடம் அவங்களுக்குத் தாங்காது.”

தாங்காதாம். என் அக்கா உடைவதை நம்பி இவன் மேடை போட்டிருக்கிறான். அவள் காற்றைத் தடவுவதற்குக் காகிதத்தில் இடம் விட்டிருக்கிறான். நான் அவனை என்னென்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. அவன் அம்மாவை இழுத்தேன், அவன் தின்ற எங்கள் வீட்டுச் சோற்றை இழுத்தேன். அவன் வருத்தமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். “உன் கோபம் எனக்குப் புரியுது” என்றான். ரோஷின் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போகவில்லை என்றால் அன்று ரத்தம் பார்த்திருப்பேன்.

நேரே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் உடைமாற்றும் அறையில் தேநீர் குடித்துக்கொண்டு மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“வரட்டும்” என்றாள்.

“வரட்டுமா? நான் வாசிக்கப்போறதில்ல. வயோலாவாலயே அவன் மண்டையைப் பொளக்கப்போறேன்.”

“அந்த மண்டைக்கு உன் வயோலா வீண். வாசி டெர்விலா. எனக்கு இந்தப் பாட்டு திரும்பக் கிடைச்சிருக்கு. உன் தந்திச் சத்தம் கீழ இருந்தா எனக்குக் கால் தரையில இருக்கிற மாதிரி இருக்கு. நான் பாடணும்.”

சிவப்பு மையால் ஒரு தாளில் பெரிதாகத் தப்பு போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கூடம் நிறைந்திருந்தது. மூன்றாவது கண்ணி வந்தது. ‘ஆளைத் தராவிட்டால் போகட்டும்’ என்று அக்கா பாடினாள். முழுதாக, குரலில் ஒரு கீறல் இல்லாமல். நிற்கவில்லை, எதையும் தடவவில்லை. அடுத்த அடியைத் தொட்டாயிற்று. ஆனால் அந்த நடிகனுக்குக் கொடுத்த காகிதத்தில் இந்த வார்த்தை வந்தால் எழுந்திரு என்று போட்டிருக்கிறதே. எழுந்தான். புது ரப்பர் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட மேடையேறி, சும்மா தொங்கிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தான்.

அக்கா பாட்டை நிறுத்தினாள். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் புதிய முகம் யார் வந்தாலும் கேட்கிற கேள்வியை ஐரிஷில் கேட்டாள்.

“நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?”

அவனுக்கு ஐரிஷ் தெரியாது. சுற்றிக்கொண்டே இருந்தான். ஆங்கிலத்தில் கேட்டாள். மைக் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது.

“லோர்கன்... கில்கென்னி பக்கம்” என்றான் ரகசியமாக. கடல் எட்டாத ஊர்.

“உங்க வீட்டுல யாரையாவது கடல் எடுத்துச்சா?”

“இல்லீங்க.”

“நல்லவேளை. போய் உக்காரு ராஜா.”

கோபமே இல்லாமல் சொன்னாள். வகுப்பில் ஒரு பையனைச் சொல்கிற மாதிரிதான். அவன் ஃபியக்ராவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், பிறகு மேடைப் படியிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா கண்ணை மூடினாள். விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். இரண்டு கையும் அவள் பக்கத்திலேயே இருந்தன. யாரும் பிடிக்கவில்லை, கடைசி வரைக்கும் பாடினாள். எனக்குக் கண்ணீர் கன்னத்தில் வழிந்து வயோலாவில் சொட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அந்தக் கேள்வி பதிலையும் சேர்த்து எழுதி வைத்தது என்று நினைத்துவிட்டார்கள். ‘என்ன ஒரு அமைப்பு’ என்று முன்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்து அம்மாளிடம் சொன்னது எனக்கே கேட்டது.

மேடைக்குப் பின்னால் ஃபியக்ரா பென்சிலோடு ஓடிவந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

“ஊனா, அந்தக் கேள்வி. யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டீங்களே. அதை அப்படியே வெச்சுக்கலாம். பெல்ஃபாஸ்ட்ல, எடின்பரோவுல, எல்லா இடத்துலயும். அதே மாதிரி அவரை உக்காரச் சொல்லிடுங்க. எங்க நிறுத்தினீங்கன்னு மட்டும் குறிச்சுக்கறேன்.”

நான் வயோலாவைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தேன். கையில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே உத்தரவாதம் இல்லை. திரும்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா அவன் விரல்களிலிருந்து பென்சிலை உருவி மேசைமேல் போட்டாள். அவன் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். சம்மதம் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான்.

“பாடு” என்றாள் அக்கா.

“என்னது?”

“உனக்குன்னு ஒரு பாட்டு இருக்குமில்ல. யாரையாவது நினைச்சு நீ அழுத பாட்டு. பாடு தம்பி. நான்தான் பிடிச்சிருக்கேனே.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தான். ரோஷின் செல்லோவை உறையில் போடாமல் நின்றாள். படியிலிருந்து எழுந்து வந்த லோர்கன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஃபியக்ராவின் காது மடல் சிவந்தது.

“எனக்குப் பாட வராதுங்க” என்றான்.

“வரும். எல்லாருக்கும் வரும். அவசரமே இல்ல.”

அவன் தன் கையை இழுத்துப் பார்த்தான். அக்கா விடவில்லை.